அபர்வென் கோட்டைக்கு நூற்றுப் பதினான்கு படிகள்

இரத்தினவேல் லண்டன் விமான நிலையத்தில் பிடிபட்டது பதில் தெரியாததால் அல்ல. கேட்டதற்கெல்லாம் பிசகாமல் பதில் சொன்னதால்தான் மனுசன் பிடிபட்டார்.

இந்தச் செய்தியை அவருடைய மனைவி குணவதிக்கு ரெலிபோனில் சொன்னவன் விநாயகமூர்த்தி. இரத்தினவேலை லண்டனிலிருந்து ரொறன்ரோவுக்கு ஏற்றி அனுப்புவதாகப் பொறுப்பெடுத்த ஏஜென்ற். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறு, ஏப்ரல் மாதம், செவ்வாய்க்கிழமை காலை. ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பகுதியில் எட்டாம் மாடி அப்பாற்மென்ற் ஒன்றில், விமான நிலையத்துக்குப் போகச் சேலை உடுத்தி, அவருக்கென்று வாங்கிய குளிர்க்கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நின்றாள் குணவதி.

"அக்கா, அண்ணை ஒரு பதிலும் பிழையாச் சொல்லேல்லை. அதுதான் பிழைச்சுப் போச்சு" என்றான் விநாயகமூர்த்தி.

குணவதி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

நடந்தது இதுதான். இரத்தினவேலின் கையில் இருந்தது வேறொருவருடைய பிரித்தானிய பாஸ்போட். அந்த மனிதர் வேல்ஸ் நாட்டில் அபர்வென் என்ற சின்னப் பட்டினத்தில் பதினொரு வருடமாகக் கணக்காளராக இருக்கிறவர். முகச்சாயல் ஏறக்குறைய ஒன்று. இரத்தினவேலும் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர் என்பதால் தொழிலும் பொருந்தியது. பாஸ்போட்டைத் தந்தவரோ பெயர், ஊர், தொழில் தவிர வேறெதையும் தன்னிடம் கேட்கக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். விமானம் ஏறும் வாசலில் ஒரு வயதான அதிகாரி பாஸ்போட்டைப் புரட்டினார். எந்த ஊர் என்று கேட்டார். அபர்வென் என்றார் இவர். நான் அந்தப் பக்கம் வந்ததில்லை, எப்படிப்பட்ட ஊர் என்று அதிகாரி சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டார்.

மடை திறந்துவிட்டது. கோட்டை பதின்மூன்றாம் நூற்றாண்டினது, கிழக்குக் கோபுரத்துக்கு நூற்றுப் பதினான்கு படிகள். நீராவி ரயில் ஈஸ்டர் தொடக்கம் ஒக்ரோபர் வரை ஓடும், ஏழு மைல், நான்கு ஸ்ரேசன். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இறங்குதுறை அறுநூற்று இருபது அடி. புனிதக் கிணற்றுத் தண்ணீர் கண் நோய்க்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை. கம்பளி ஆலையில் பெரியவர்களுக்குக் கட்டணம், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். இரத்தினவேல் மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தார்.

அதிகாரி சிரித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றாராம். பிறகு, உங்கள் தெருவில் குப்பை எடுப்பது எந்த நாள் என்று கேட்டார்.

இரத்தினவேல் முழித்தார்.

சரி, பாண் எங்கே வாங்குவீர்கள் என்று கேட்டார். இதற்கு அவரிடம் பதில் இருந்தது. "வருகை தருவோர் சந்தை மண்டபத்தில் உள்ளூர் ரொட்டி வகைகளைச் சுவைத்து மகிழலாம்" என்று நல்ல ஆங்கிலத்தில், ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தார். அதிகாரி அவருடைய தோளில் மெதுவாகக் கையை வைத்து, இந்தப் பக்கம் வாருங்கள் ஐயா என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"ஆர் அக்கா அவருக்கு உந்த ரொட்டிக் கதையைச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டான் விநாயகமூர்த்தி. குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டான்.

சொல்லிக் கொடுத்தது குணவதிதான்.

குணவதி யாழ்ப்பாணத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்த ரீச்சர். அவளிடம் ரியூசன் எடுத்த பிள்ளை சித்தியடையாமல் போனதாகச் சரித்திரமே இல்லை. அவளுடைய வித்தை மிகவும் எளிது. என்ன கேள்வி வரும் என்று பார்ப்பது, கேள்வியையும் விடையையும் கொப்பியில் எழுதிக் கொடுப்பது, நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்வரை பாடமாக்கச் செய்வது. நைல் நதியைக் கண்ணால் காணாத பிள்ளைகள் நைல் நதியில் முழுப் புள்ளி எடுத்தார்கள். அந்த வித்தை எங்கள் சனத்துக்கு எத்தனை உத்தியோகத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறது. அபர்வென்னும் அப்படித்தான் என்று அவள் நம்பியதில் என்ன அதிசயம் இருக்கிறது.

ஊரின் பெயர் தெரிந்த மறுநாளே நகரத்துக்குள் பஸ்ஸும் சப்வேயும் எடுத்துப் போய், பிரித்தானியச் சுற்றுலாவுக்கு ஆட்களை அனுப்பும் ஒரு கந்தோரைத் தேடிப் பிடித்தாள். கோடை விடுமுறைக்குப் போகப்போகிறேன் என்றாள். கவுண்டரில் இருந்த பெண்பிள்ளை முகமெல்லாம் பல்லாக, பளபளக்கும் ஐந்து கையேடுகளை எடுத்துக் கொடுத்தாள். வயோதிபர் இல்லத்துக் குசினியில் பாத்திரம் கழுவி முடித்து வந்து, இரண்டு கிழமையாக அவற்றைக் குடைந்து அறுபத்திரண்டு கேள்விகள் தயாரித்தாள் குணவதி. லண்டனில் காத்திருந்தவருக்குத் தபாலில் அனுப்பினாள். பிறகு ரெலிபோனில் கேள்வி கேட்டாள். கடைசித் தடவை இரத்தினவேல் அறுபத்திரண்டுக்கும் விடை சொன்னார். "வலு திறம்" என்று அவரை மெச்சவும் செய்தாள்.

அந்த ஊரில் இருக்கிறவன் அந்தப் படிகளை எண்ணியிருக்க மாட்டான் என்று அவளுக்கு ஒருக்காலும் தோன்றவில்லை.

"என்ர வாயாலதான் அவரைக் கொண்டுபோய்க் குடுத்தனான், மலரக்கா" என்றாள்.

தவமலர் அந்த அப்பாற்மென்றின் மற்ற அறையில் குடும்பத்தோடு இருந்தவள். மட்டக்களப்புக்காரி. சிரித்துக்கொண்டே குத்துவாள், குத்திய கையோடு சோறும் போட்டுத் தருவாள். அன்றைக்கு அவளும் சிரிக்கவில்லை. "நீ நல்லதுக்குத்தானே செஞ்ச புள்ள" என்று சொல்லிக் பையில் இருந்த குளிர்க்கோட்டை மெதுவாக எடுத்து அலுமாரியில் கொழுவினாள்.

மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. அவரைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டு போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. குணவதி வேலைக்குப் போனாள், வந்தாள். கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை லண்டனிலிருந்து ஒரு பெண் வக்கீல் கதைத்தார். உதவிச் சங்கம் ஒன்று ஒழுங்கு செய்து கொடுத்தவர். பேச்சில் பதற்றமே இல்லாத மனுசி. இரத்தினவேல் தன் உண்மைப் பெயரைச் சொல்லி அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டார், அது நல்லது என்றார். ஆனால் ஒரு சிக்கல் என்றார் வக்கீல். உங்கள் கணவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர் என்பதை அவர்கள் நம்பவில்லை.

குணவதிக்கு விளங்கவில்லை. இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னாள்.

விசாரணை அதிகாரிகள் ஏதோ ஒரு பயணிகள் வழிகாட்டியை மேசையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஒரு தடவை பொய்யான ஊர் சொன்னவன் இரண்டாம் தடவையும் சொல்லுவான் என்பது அவர்களுடைய கணக்கு. யாழ்ப்பாணத்துக் கோட்டைக்கு எத்தனை முனைகள் என்று கேட்டார்கள். தெரியாது என்றார். யார் கட்டியது? ஒல்லாந்தராக இருக்கலாம் என்றார். உள்ளே போயிருக்கிறீரா? இல்லை என்றார். நகரின் மணிக்கூட்டுக் கோபுரம் யாருடைய ஞாபகமாகக் கட்டப்பட்டது? தெரியாது. பருத்தித்துறை எத்தனை மைல்? பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் என்றார், மைல் தெரியாது. பத்துக் கேள்விக்கு ஒன்றரை விடை.

"வேறு என்ன கேட்டார்கள்?" என்றாள் குணவதி.

எப்போதாவது கைது செய்யப்பட்டீரா என்றும் கேட்டார்களாம். இல்லை என்று சொல்லியிருக்கிறார். அது ஒன்றாவது ஒழுங்காய்ச் சொன்னாரே என்று குணவதி ஆறுதல் பட்டுக்கொண்டாள். வக்கீலுக்கு அந்த விடை போதவில்லை. அவர்கள் ஏன் அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதற்கு எனக்கு ஒரு காரணம் வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை இன்னொரு விசாரணை. அதிலும் சரிவராவிட்டால் சனிக்கிழமை விமானம். திங்கட்கிழமை உங்கள் நேரம் காலை பத்து மணிக்கு நான் அவர் பக்கத்தில் இருந்து உங்களைக் கூப்பிடுகிறேன், பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அன்று பின்னேரம் குணவதி அந்தக் கேள்விகளைத் தனக்குத்தானே கேட்டுப் பார்த்தாள். பூமிசாஸ்திர ரீச்சர். முப்பத்தாறு வயதுவரை யாழ்ப்பாணத்தில் இருந்தவள். கோட்டைக்கு எத்தனை முனை என்று அவளுக்கும் தெரியாது. கட்டடத்தில் இருந்த ஐந்தாறு தமிழ்க் குடும்பங்களையும் கதவு தட்டிக் கேட்டாள். ஒருவர் நாலு என்றார், ஒருவர் வட்டம் என்றார். மகேஸ்வரன் என்ற பெடியன், "கோட்டையிலிருந்து ஷெல் எந்தப் பக்கம் வந்து விழும் எண்டு கேளுங்கோ ரீச்சர், சொல்லுறன். முனையை ஆர் போய் எண்ணினது" என்றான். மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரே ஒரு விசயம்தான் தெரிந்திருந்தது. அது நேரம் சரியாகக் காட்டாது.

சனிக்கிழமை ஸ்காபரோ நூலகத்தில் இலங்கை பற்றிய பழைய பயணிகள் வழிகாட்டி ஒன்று கிடைத்தது. அட்டையில் ஒரு யானை. அவளும் தவமலரும் சாப்பாட்டு மேசையில் இருந்து அதைப் புரட்டினார்கள். யாழ்ப்பாணம் நாலே நாலு பக்கம். கோட்டை ஐந்து முனை. மணிக்கூட்டுக் கோபுரம், ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்தில் வருகை தந்த வேல்ஸ் இளவரசரின் ஞாபகமாக எழுப்பப்பட்டது.

குணவதி அந்த வரியை மூன்று தரம் வாசித்தாள். பிறகு புத்தகத்தைத் தவமலர் பக்கம் தள்ளினாள்.

"என்னகா இது" என்றாள் தவமலர். "அங்கயும் வேல்ஸ்காரந்தானா?"

வேறொரு நாளாக இருந்திருந்தால் இருவரும் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். இருபது வருடம் அந்தக் கோபுரத்துக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்ற மனுசன், அது யாருக்காகக் கட்டியது என்று சொல்லத் தெரியாததால் சாகப் போகிறார். காணாத ஊரைப் பாடமாக்கிப் பிடிபட்டார். கண்ட ஊரைப் பாடமாக்காமல் பிடிபட்டார். இது என்ன நியாயம் என்று யாரிடம் போய்க் கேட்பது. குணவதிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் அவள் அழவில்லை. பேனையை எடுத்தாள். அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. கேள்வி, விடை, கேள்வி, விடை. அந்த முறையால்தான் மனுசன் உள்ளே போனார் என்று தெரிந்தும், வேறு வழி தெரியாமல், அதே முறையில் நாற்பது கேள்விகள் எழுதினாள்.

திங்கட்கிழமை பத்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே ரெலிபோன் அடித்தது. வக்கீல் ஒரு சொல் சொல்லிவிட்டு ரிசீவரைக் கைமாற்றினார்.

"குணம்" என்றார் இரத்தினவேல். குரல் தேய்ந்து போயிருந்தது.

"சாப்பிட்டியளே?"

"ஓம். தாறாங்கள். உருளைக்கிழங்கு."

"நேரமில்லையப்பா. நான் சொல்லுறன், நீங்கள் திருப்பிச் சொல்லுங்கோ. கோட்டை ஐஞ்சு முனை."

"ஐஞ்சு முனை."

"ஒல்லாந்தர் கட்டினது. சுத்திவர அகழி."

"ஒல்லாந்தர். அகழி."

"மணிக்கூட்டுக் கோபுரம், வேல்ஸ் இளவரசர்ர ஞாபகமா."

"உண்மையாவோ" என்றார்.

"உண்மைதான். திருப்பிச் சொல்லுங்கோ."

சொன்னார். நல்லூர், கீரிமலை, பருத்தித்துறைக்கு இருபத்தொரு மைல் என்று பாடம் ஓடியது. வழக்கம் போலவே கெட்டிக்காரத்தனமாகத் திருப்பிச் சொன்னார். குணவதி மீண்டும் கோட்டைக்கு வந்தாள். அதிகாரிகள் கோட்டையைத்தான் துருவுவார்கள் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

"கோட்டைக்குள்ள சிலுவை வடிவத்தில ஒரு பழைய தேவாலயம் இருக்கு. நிலத்தில ஒல்லாந்தற்ர கல்லறைக் கல்லுகள் பதிச்சிருக்கு. வாற ஆக்கள் தவறாமல் பாக்க வேண்டியது எண்டு போட்டிருக்கு. சொல்லுங்கோ."

அவர் சொல்லவில்லை.

"கேட்டதே?"

"கேட்டது. அது எனக்குத் தெரியும், குணம்."

"எப்பிடித் தெரியும்? உள்ளுக்குப் போகேல்லை எண்டெல்லோ அவங்களுக்குச் சொன்னனீங்கள்."

"போனனான்" என்றார். "பதினொரு நாள் உள்ளுக்கு இருந்தனான். அந்தக் கல்லுகளுக்கு மேலதான் எங்களைக் குப்புறக் கிடத்தி வச்சிருந்தவங்கள்."

குணவதியின் கையிலிருந்த பேனை மேசையில் உருண்டு நிலத்தில் விழுந்தது. அவள் குனியவில்லை. அவரே சொன்னார். போன வருடம் மாசி மாதம். சங்கத்துக்குச் சைக்கிளில் போகும்போது சந்தியில் ஆமிக்காரர் மறித்து ஏற்றினார்கள். முப்பது பேர். பதினொரு நாளுக்குப் பிறகு பத்தொன்பது பேரை வெளியே விட்டார்கள்.

மாசி மாதம். அந்த மாதம் முழுவதும் கடிதம் வராமல் இருந்து, பிறகு ஒன்று வந்தது. பக்கம் பக்கமாக ஊர் விடுப்புக் கதைகளும் வேடிக்கையும் எழுதியிருந்தார். தவமலருக்குக்கூட வாசித்துக் காட்டிச் சிரித்தாள்.

"அம்மாள் வருத்தம் எண்டு எழுதினனீங்கள்" என்றாள். "வேப்பிலை போட்டுப் படுத்திருந்ததெண்டு எழுதினனீங்கள்."

"வேறை என்னத்தை எழுத. நீ அங்க தனிய, குளிருக்க."

"அந்த ஒபிசருக்கு ஏன் சொல்லேல்லை? பிடிபட்டனீரோ எண்டு கேட்டவங்களெல்லோ."

"பிடிபட்டனான் எண்டு சொன்னால் ஆர் என்னை உள்ளுக்கு விடுவான்?" என்றார் இரத்தினவேல். "இருபத்திரண்டு வருசம் கந்தோரில இருந்தனான். ஒரு நாள் பிந்திப் போனதெண்டு என்ர பேரில ஒரு குறிப்பில்லை. கள்ளன், காடையன் மாதிரிப் பிடிபட்டவன் எண்டு என்ர வாயாலயே சொல்லச் சொல்லுறியோ."

அவள் சொன்னாளா என்ன. அவளும் அப்படித்தானே நினைத்தாள். இல்லை என்று சொன்னதுதான் அவர் சொன்னதிலேயே நல்ல விடை என்று வெள்ளிக்கிழமை ஆறுதல் பட்டவள் அவள்தானே. நற்சான்றிதழ் கேட்கிற இடமென்றே இரண்டு பேரும் அதை நினைத்திருந்தார்கள். பக்கத்தில் இருக்கிற வக்கீல் எந்தக் காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாரோ, அந்தக் காரணத்தை மனுசன் வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருக்கிறார். ஒரு வருடமாக ஒரு பொய்க் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்திருக்கிறாள். புருசன் சாகக் கிடந்த நாட்களில் அவள் இங்கே பாண் கருகிப் போனதற்குக் கவலைப்பட்டிருக்கிறாள்.

"ஞாபகம் இருக்கிறதை எல்லாம் சொல்லுங்கோ" என்றாள். அது ரீச்சருடைய குரல் அல்ல.

"என்ர முகத்துக்குக் கீழ ஒரு கல்லு" என்றார் அவர். "எழுத்து வெட்டியிருந்தது. இங்கிலீசு எழுத்துத்தான், பாசை வேறை. தலை நிமித்தினால் அடி. பதினொரு நாளும் அதைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தனான். அஞ்சு வரி. முழுக்கப் பாடம்."

குணவதி வழிகாட்டியைப் புரட்டினாள். கல்லறைக் கற்கள் பற்றி ஒரே ஒரு வசனம்தான் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரியவில்லை. அவள் அதை மூடி ஒரு பக்கம் வைத்தாள். நாற்பது கேள்வி எழுதிய தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தை மேலே கொண்டு வந்தாள். தவமலர் நிலத்தில் கிடந்த பேனையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"ஆறுதலாச் சொல்லுங்கோ, நான் எழுதுறன்" என்றாள் குணவதி.

அவர் எழுத்து எழுத்தாகச் சொன்னார். இரண்டு இடத்தில் எழுத்துத் தேய்ந்திருந்ததையும் சொன்னார். வருடத்தைச் சொன்னார். அவள் திருத்தவில்லை, இடைமறிக்கவில்லை, சொல்லச் சொல்ல எழுதினாள். ஐந்தாம் வரி முடிந்ததும், "அப்பா, இதை அந்த வக்கீல் அம்மாவுக்குச் சொல்லுங்கோ. இப்பவே, இங்கிலீசில சொல்லுங்கோ" என்றாள்.

"வெக்கமாக் கிடக்குது, குணம்."

"சொல்லுங்கோ."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் அவருடைய குரல், கந்தோர்க் கடிதம் எழுதுகிற அந்தப் பழைய ஆங்கிலத்தில், மரியாதைச் சொற்களோடு, தொடங்கித் தொடங்கி நின்றது. வக்கீலின் குரல் இடையில் ஏதோ கேட்டது. ஒரு கதிரை நகர்ந்தது. துணி உரசும் சத்தம் கேட்டது. குணவதி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் வக்கீல்தான் வந்தார். பதற்றமே இல்லாத அந்த மனுசியின் குரல் மாறியிருந்தது. இதை ஏன் யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை என்றார். சனிக்கிழமை விமானத்தில் அவர் போகமாட்டார், அதற்கு நான் பொறுப்பு என்றார். நாளைக்கு ஒரு டொக்ரரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், படம் எடுக்க ஒரு ஆளும் வேண்டும் என்றார்.

"எதைப் படம் எடுக்க?" என்று கேட்டாள் குணவதி.

"உங்கள் கணவருடைய முதுகை" என்றார் வக்கீல். "உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்."